வண்டலூர் ஹெரால்டுக்கு ராணிகஞ்சில் பாகம் கிடைக்குமா?

"ஹெரால்டா? வோ நை மில்தா, பாய்!"

செகந்திராபாத் ராணிகஞ்சில் மோட்டார் உதிரி பாகக் கடைகளில் ஏறி இறங்குபவருக்கு முதல் இரண்டு மூன்று கடைகளில் கிடைக்கும் பதில் அநேகமாக இதுதான். கவுண்டரில் நிற்கும் பையன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அந்தக் காரின் உற்பத்தி நின்றுவிட்டது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஆல்டோவும் ஸ்விஃப்டும். கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டிப் பார்க்கிறான், வரவில்லை, கையை விரிக்கிறான். அவன் மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அதே கடையின் பின்கட்டு அலமாரியில், அதே காருக்குப் பொருந்தக்கூடிய ஆயில் சீலும் பேரிங்கும் பிரேக் ரப்பரும் வேறு பெயரில் தூங்கிக்கொண்டிருக்கலாம். பழைய கார் வைத்திருப்பவர்களில் பலர் வெறுங்கையோடு வீடு திரும்புவதும், "இனி இந்த வண்டி உதவாது" என்று இரும்புக் கடைக்கு எடை போட்டுவிடுவதும் இந்த இடத்தில்தான்.

ஐதராபாத்தில் பழைய கார் என்றவுடன் நிஜாமின் ரோல்ஸ் ராய்ஸ்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். ஆறாவது நிஜாம் மீர் மகபூப் அலி கான் 1911-ல் ஆர்டர் கொடுத்து, கார் வந்து சேரும் முன்பே காலமாகிவிட, அவர் மகன் உஸ்மான் அலி கானின் சவாரிக்கு வந்த மஞ்சள் நிற சில்வர் கோஸ்ட் அது. பின்பக்கம் சிம்மாசனம் போன்ற ஆசனம். அதனால் 'சிம்மாசனக் கார்' என்றே பெயர். இத்தனை வருஷத்தில் அது ஓடியது 400 மைல்கூட இல்லை என்று சொல்லப்படுகிறது. சௌமஹல்லா அரண்மனைக்குப் போனால் இன்றும் பார்க்கலாம். அந்த மாதிரிக் காருக்குப் பாகம் தேடுவது ஒரு வகையில் சுலபம். ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி ஒவ்வொரு காருக்கும் எழுதி வைத்த சேஸிஸ் அட்டைகள் இங்கிலாந்தில் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. எண்ணைச் சொன்னால் என்ன பாகம் என்று தெரிந்துவிடும். பணம் இருந்தால் செய்தும் தருவார்கள். கஷ்டமெல்லாம் தகப்பனார் விட்டுப்போன ஹெரால்டையும், சேமிப்பில் வாங்கிய பத்மினியையும், டாக்ஸி ஓட்டிக் கடனடைத்த அம்பாஸடரையும் வைத்துக்கொண்டு தவிக்கும் சாமானியருக்குத்தான்.

சென்னைக் கார்

பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் ஹெரால்டு மீது ஒரு தனிப் பிரியம் இருந்ததற்குக் காரணம் உண்டு. அது சென்னைக் கார். 1948-ல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் வண்டலூர் தொழிற்சாலையில் வான்கார்டு, டென், பென்னன்ட் என்று வரிசையாகக் கார்களைத் தந்தது. 1961-ல் வந்தது ஹெரால்டு. இத்தாலியரான மிக்கெலொட்டி வரைந்த உருவம். எஞ்சினின் இரு பக்கமும் நின்று வேலை பார்க்கும்படி முன்பக்கம் முழுவதும் அப்படியே தூக்கிக்கொள்ளும் பானெட். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் வசதி. சுல்தான் பஜார் சந்துகளுக்கு இதைவிடப் பொருத்தமான கார் அந்நாளில் இல்லை எனலாம். 1972 முதல் 1977 வரை கஸல். அதன் பிறகு வெகுகாலம் கார் இல்லை, ஸ்டாண்டர்டு 20 வேன் மட்டும். 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய கார் வந்தது. உடம்பு இங்கிலாந்தின் ரோவர், எஞ்சினோ வான்கார்டு காலத்துப் பழசு! விலை கொடுத்து வாங்கியவர்கள் முகம் சுளித்தார்கள். 1988-ல் கம்பெனியே மூடப்பட்டது.

ஆக, ஹெரால்டுக்குப் பாகம் செய்த தாய் வீடு மறைந்து 35 வருஷங்களுக்கு மேலாகிவிட்டது. பம்பாய் குர்லாவில் பிரீமியர் பத்மினி நின்று கால் நூற்றாண்டு ஆகிறது. கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் அம்பாஸடர் 2014 மே மாதம் நின்றது. மூன்றில் அம்பாஸடர்காரர் பாக்கியசாலி. அரசாங்க வண்டியாகவும் டாக்ஸியாகவும் ஊரெங்கும் ஓடிய கார் என்பதால் பாகங்கள் இன்னும் வருகின்றன, கடைக்காரரும் "பெட்ரோலா, டீசலா, இசுஸுவா?" என்று ஒரு கேள்விதான் கேட்பார். பத்மினிக்குப் பாதி கிடைக்கும், பாதிக்கு அலைய வேண்டும். ஹெரால்டுக்குத்தான் அந்த "நை மில்தா".

எந்தக் கடைத்தெருவில் எது

ராணிகஞ்ச் என்பது ஒரே சந்தை அல்ல. மோட்டார் பாகம், பேரிங், பெல்ட், போல்ட் நட்டு, பம்பு, குழாய் என்று தனித்தனிக் கடைகள் அடுத்தடுத்து நெருங்கி நிற்கும் இடம். குஜராத்திகள், போராக்கள், பஞ்சாபிகள் எனப் பல தேசத்து வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கிறார்கள். பழைய காருக்கு இங்கே முக்கியமானவை கார் கடைகள் அல்ல. பேரிங் கடையும் ஆயில் சீல் கடையும் போல்ட் கடையும்தான். காரணம் பின்னால் வருகிறது.

மூசி நதிப் பக்கம் கௌலிகுடா, புத்லிபௌலி, ஜாம்பாக் வட்டாரம் அடுத்தது. நிஜாம் காலத்து பஸ் நிலையமாக இருந்த பிரம்மாண்டமான தகரக் கொட்டகை 2018 ஜூலையில் சரிந்து விழுந்ததே, அந்தக் கௌலிகுடாதான். பஸ்கள் வந்து நின்ற இடத்தில் பஸ் பாகக் கடைகள் முளைத்ததும், அவற்றோடு கார், ஸ்கூட்டர் கடைகள் சேர்ந்ததும் இயற்கை. 2020-ல் திறந்த பச்சை வழி மெட்ரோவில் வந்தால் சுல்தான் பஜார் ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம்.

வியாழக்கிழமை மட்டும் கூடும் ஜுமேராத் பஜார் இன்னொரு உலகம். ஒற்றைச் செருப்பிலிருந்து கிராமபோன் வரை தரையில் பரப்பி வைத்திருப்பார்கள். நடுவே ஒரு லூகாஸ் ஹாரன், ஒரு ஸ்மித்ஸ் மீட்டர், கண்ணாடி உடையாத ஒரு பார்க் லைட் கண்ணில் படும். தேடிப் போனால் கிடைக்காது. போய்க்கொண்டே இருந்தால் கிடைக்கும். அலங்காரப் பாகங்களுக்கு நல்ல இடம்; ஓட்டத்துக்கும் பிரேக்குக்கும் உரிய எதையும் அங்கே வாங்குவது விவேகமல்ல. லாரிக்காரர்களின் ஆட்டோ நகர், விஜயவாடா சாலையில் இருக்கிறது. லாரி பாடி கட்டுவதும் பழைய லாரி உடைப்பதுமே அங்கு முக்கியம். கார்க்காரருக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை.

காரின் பெயரைச் சொல்லாதீர்கள்

அனுபவப்பட்ட மெக்கானிக் கடைக்குப் போனால் காரின் பெயரையே வாயில் எடுப்பதில்லை. கழற்றிய பழைய பாகத்தைத் துடைத்து, அதன் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் படித்து, எண்ணை மட்டும் சொல்கிறார். இதில்தான் சூட்சுமம் எல்லாம்.

பேரிங்கை எடுத்துக்கொள்வோம். எந்தக் கம்பெனி தயாரித்தாலும், எந்த நாட்டில் செய்தாலும், 6205 என்று எண் போட்ட பேரிங் உள் விட்டம் 25 மில்லிமீட்டர், வெளி விட்டம் 52, அகலம் 15. அது காருக்கும் ஒன்றுதான், மாவு மில்லுக்கும் ஒன்றுதான். "இன்ன காருக்கு டைனமோ பேரிங்" என்று கேட்டால் இல்லை என்பவர், எண்ணைச் சொன்னால் நான்கு கம்பெனி டப்பாக்களை எடுத்து வைப்பார். ஆயில் சீலும் இப்படியே: உள் அளவு, வெளி அளவு, தடிமன் மூன்றும் தெரிந்தால் காரின் ஜாதகம் தேவையில்லை. ஃபேன் பெல்ட்டுக்கு அகலமும் நீளமும். பழைய பெல்ட் நீண்டு போயிருக்கும் என்பதால் அதை அப்படியே அளக்காமல், ஒரு கயிற்றைப் புல்லிகளின் மேல் சுற்றி அளந்துகொண்டு போவது நல்லது.

பிரேக்கின் ரப்பர் கப்புகள் விஷயத்தில் இது இன்னும் பயன்படும். மாஸ்டர் சிலிண்டரின் மேலோ வீல் சிலிண்டரின் மேலோ 5/8, 3/4, 7/8 என்று அங்குலக் கணக்கு வார்ப்பிலேயே இருக்கும். அளவைச் சொன்னால் கப் கிடைக்கும். சிலிண்டரின் உட்சுவர் துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால் புது ரப்பர் போட்டுப் பயனில்லை. ஒரே மாதத்தில் கசியும். அப்போது சிலிண்டரைக் கடைந்து, உள்ளே பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகினால் ஸ்லீவ் போட்டு, மறுபடி பழைய அளவுக்கே கொண்டு வர வேண்டும். நுணுக்கமான வேலை, பழக்கமுள்ள கையிடம்தான் கொடுக்க வேண்டும். புது மாஸ்டர் சிலிண்டர் கிடைக்காத காருக்கு இதுவே வழி.

பிஸ்டன் வாங்கப் போகிறவர் எஞ்சினை எத்தனை தடவை போர் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். ஹெரால்டின் 948 சி.சி. எஞ்சின் 63 மில்லிமீட்டர் போர், 76 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். இதே எஞ்சின் குடும்பம்தான் ஸ்டாண்டர்டு டென்னிலும் பென்னன்டிலும் கஸலிலும். ஆகவே "ஹெரால்டு பிஸ்டன்" இல்லை என்றால் "கஸல் இருக்கிறதா, டென் இருக்கிறதா" என்று கேட்டுவிட்டுத்தான் படி இறங்க வேண்டும். பத்மினியின் 1,089 சி.சி. எஞ்சின் 68-க்கு 75. ஆங்கிலேய வழி எஞ்சின்களுக்கு மிகை அளவு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில், அதாவது 20, 40, 60 என்று வரும். ஃபியட்டுக்கு மில்லிமீட்டர். இரண்டையும் குழப்பிக்கொண்டு வந்து நின்றால் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்.

போல்டிலும் இதே வம்பு. ஹெரால்டும் அம்பாஸடரும் அங்குலப் புரி. ஃபியட் மெட்ரிக் புரி. பத்து மில்லிமீட்டர் போல்ட் ஒன்று கையில் அகப்பட்டது என்று அங்குல ஓட்டையில் வைத்து ஸ்பானரால் முறுக்குகிறார்கள். இரண்டு சுற்று போகும், பிறகு இறுகும். "டைட் ஆயிற்று" என்று திருப்தி வேறு! உள்ளே வார்ப்பின் புரி அறுந்தது மறுபடி கழற்றும்போதுதான் தெரியும். ராணிகஞ்சில் போல்ட் கடைக்காரரிடம் பழைய போல்டைக் கொடுத்தால் புரி கேஜ் வைத்துப் பார்த்து எடுத்துத் தருவார். இதற்குச் சோம்பல் கூடாது.

பல்பும் பாட்டரியும் வாங்குமுன் ஒரு வார்த்தை. 1950-களின் நடுப்பகுதிக்கு முந்திய அமெரிக்கக் கார்கள் பெரும்பாலும் 6 வோல்ட். பழைய இங்கிலாந்துக் கார்கள் பலவற்றில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் கட்டப்பட்டிருக்கும். இன்றைய வழக்கப்படி நெகட்டிவை எர்த் செய்து ஒரு புது ரேடியோவைப் பொருத்தினால் புகை வரும்.

ஹெரால்டின் பித்தளை முட்டி

ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. அம்பாஸடர், ஃபியட் பழக்கத்தில் "கிங்பின் செட்" கேட்டுப் போகிறார்கள். ஹெரால்டில் அந்த மாதிரி கிங்பின் கிடையாது. முன் சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த எஃகுத் தண்டின் அடிப்பக்கம் புரி வெட்டியிருக்கும். அது பித்தளை நிற உலோகத்தால் ஆன ஒரு முட்டியில் திருகி நிற்கும். ட்ரன்னியன் என்று பெயர். ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் தண்டு அந்தப் புரியில் சுழல்கிறது. வலது பக்கத்துக்கு வலப்புரி, இடது பக்கத்துக்கு இடப்புரி. மாற்றி வாங்கினால் ஏறாது.

அதற்குப் போட வேண்டியது கிரீஸ் அல்ல, 90 நம்பர் கியர் ஆயில். சர்வீஸ் நிலையங்களில் எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் கன்னை வைத்து அடிப்பது போல் இதற்கும் அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் கெட்டியாகிப் புரியின் அடிவரை போகாமல் நிற்கும், தண்ணீர் புகும், எஃகுத் தண்டு துருப்பிடித்துத் தேயும். ஒரு நாள் வளைவில் திரும்பும்போது தண்டு முறிந்து சக்கரம் உள்ளே மடங்கிக்கொள்ளும். இது ஹெரால்டு ஓடும் எல்லா நாட்டிலும் தெரிந்த நோய். குடும்பத்தோடு யாதகிரிகுட்டாவுக்கோ ஸ்ரீசைலத்துக்கோ புறப்படுமுன் முன் சக்கரத்தைத் தூக்கி, அந்த முட்டியில் ஆட்டம் இருக்கிறதா, தண்டில் துருவும் வெடிப்பும் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுவது உயிர்க் காப்பு.

பாலாநகர் பக்கத்து லேத் பட்டறைகளில் சாம்பிளைக் கொடுத்தால் எதையும் கடைந்து தருவார்கள் என்று ஒரு பெயர் உண்டு. அங்கே வேலை பார்க்கும் தமிழ் டர்னர்களின் கைத்திறனில் சந்தேகமில்லை. புஷ், பின், வாஷர், ஸ்பேசர், கியர் லீவர் இணைப்புகளின் தேய்மான முனைகள் ஆகியவற்றைத் தாராளமாகக் கடையலாம். ஃபியட்டின் ஸ்டியரிங் அடியில் இருக்கும் கியர் லிங்கேஜ் லொடலொட என்று ஆடுவதற்கு இரண்டு புஷ் போதும். ஆனால் ஸ்டியரிங், சக்கரத் தாங்கி, பிரேக் இவற்றின் பாகங்களுக்கு அளவு மட்டும் சரியாக இருந்தால் போதாது. உலோகத்தின் ஜாதியும் அதைப் பதப்படுத்திய விதமும் சரியாக இருக்க வேண்டும். கைக்குக் கிடைத்த ராடில் கடைந்த தண்டு பார்வைக்கு அசல் போலவே இருக்கும். எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி. நல்ல டர்னரே "இது வேண்டாம் சார்" என்று சொல்லிவிடுவார்.

டப்பா புதிது, ரப்பர் பழசு

பழைய ஸ்டாக் என்றால் மனசு துள்ளும். மஞ்சளேறிய அட்டைப்பெட்டி, எண்ணெய்க் காகிதச் சுற்று, உள்ளே பளபளவென்று வீல் சிலிண்டர். "முப்பது வருஷம் முந்தைய அசல் சாமான்" என்கிறார் சேட். அசல்தான், பொய்யில்லை. இரும்பும் அலுமினியமும் பித்தளையும் முப்பது வருஷம் பெட்டியில் இருந்தால் மோசமில்லை. ஆனால் அதற்குள் இருக்கும் ரப்பர் பெட்டியில் இருந்தபடியே செத்துப்போயிருக்கும். சிலிண்டரை வாங்கலாம், ரப்பர் கிட்டைத் தனியாகப் புதிதாக வாங்க வேண்டும். பிரேக் ஹோஸையும் பெட்ரோல் பம்பு டயஃப்ரத்தையும் பழைய ஸ்டாக்கில் வாங்கவே கூடாது. ஹோஸை மடக்கிப் பார்த்தால் வெடிப்பு தெரியும். ஆனால் உட்புறம் வீங்கி அடைத்துக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியாது.

பிரேக் ரப்பரைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவுவது பட்டறைகளில் விடாத கெட்ட பழக்கம். எஞ்சின் ஆயில் பட்டாலும் போதும், ரப்பர் ஊதிப் பிரேக் பிடித்துக்கொள்ளும். பிரேக் எண்ணெயிலேயே கழுவிப் போட வேண்டும். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் கலந்திருக்கும். டிரம்மைத் திறந்தவுடன் கம்ப்ரஸர் காற்றைப் பிடித்து ஊதினால் அந்தத் தூசி நேராக வேலைக்காரப் பையனின் நுரையீரலுக்குப் போகிறது. அது நாட்பட்ட பிறகே தன் வேலையைக் காட்டும். ஈரத் துணியால் துடைத்தெடுக்க ஐந்து நிமிஷம் கூட ஆகாது.

பெட்ரோல் மாறிவிட்டது

இப்போது பழைய கார்க்காரருக்குப் புதிதாக ஒரு செலவு. 2023 முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கி, 2025-க்குள் நாடெங்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. அந்தக் காலத்து ரப்பர் குழாய்களும் டயஃப்ரமும் கார்புரேட்டர் பேக்கிங்குகளும் இந்தக் கலவைக்காகச் செய்தவையல்ல. இளகும், வெடிக்கும், துகள் உதிர்ந்து ஜெட்டை அடைக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த காரின் டாங்க்கில் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கித் துருவை வளர்க்கும். எஞ்சினுக்கு மேலே ஓடும் பெட்ரோல் குழாய் வெடித்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஃப்யூயல் இன்ஜெக்ஷன் கார்களுக்கென்று விற்கும் ஹோஸை மீட்டர் கணக்கில் வாங்கி மாற்றிவிடலாம்; அது எத்தனாலைத் தாங்கும். பழைய காரில் இன்று முதலில் மாற்ற வேண்டிய பாகம் எது என்றால், பெயின்டும் இல்லை, குரோமியமும் இல்லை, இந்தக் குழாய்தான்.

இதற்கு முன்பும் ஒரு தடவை பெட்ரோல் மாறியது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நாட்டில் நின்றது. வால்வு சீட்டுக்கு மெத்தை போல் இருந்த ஈயம் போனதால், ஹெட் வேலைக்குப் பிரித்தால் கடினப்படுத்திய வால்வு சீட் போடச் சொல்வது அதனால்தான்.

சென்னைப் பார்சலும் இங்கிலாந்துப் பார்சலும்

இங்கே கிடைக்காததைச் சென்னையில் தேடலாம் என்பது தமிழருக்கு மட்டும் உள்ள வசதி என்று சொல்லலாம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதுப் பாகம், புதுப்பேட்டையில் பழைய பாகம். பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்குப் போகிற பலர் சார்மினார் எக்ஸ்பிரஸில் திரும்பும்போது முறுக்கு டப்பாவோடு ஒரு கிளச் பிளேட்டையும் சுமந்து வருகிறார்கள். வீட்டம்மாள் முணுமுணுப்பதில் நியாயம் இருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் எந்த ஊர்க் காரானாலும் அதன் பாதி உறுப்பு சென்னையிலிருந்து போனதே. 1949-ல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ், 1961-ல் வந்த லூகாஸ் டி.வி.எஸ்., 1962-ல் பிரேக்ஸ் இந்தியா, ஸ்டியரிங் பாகங்களுக்கு ரானே, ஸோலெக்ஸ் கார்புரேட்டருக்குச் சென்னைக் கார்புரேட்டர்ஸ் நிறுவனம் என்று நீளும் பட்டியல். உத்தர்பாராவிலும் குர்லாவிலும் பூட்டியவர்கள் பூட்டினார்கள். பெட்டிகள் பல இங்கிருந்து போயின. ஆகையால் அம்பாஸடர் டிஸ்டிரிபியூட்டரில் லூகாஸ் எண்ணைப் படித்துச் சொல்லி, அதே எண்ணுக்குரிய பாயின்ட் செட் கேட்பது, கார் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட நூறு மடங்கு மேல்.

ஹெரால்டின் உறவுக்காரக் காரான டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் இங்கிலாந்தில் 1980 வரை ஓடிய மாடல். அதனால் ட்ரன்னியன் உட்படப் பல பாகங்கள் அங்கே இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. வரவழைக்கலாம், தபால் செலவும் சுங்க வரியும் சேர்த்தால் கண்ணைக் கட்டும். ஆனால் நான்கு கதவு ஹெரால்டு என்பது இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது! அதன் பின் கதவுக்கும் கண்ணாடிக்கும் லண்டனில் தேடிப் பயனில்லை. புதுப்பேட்டையிலோ ஜுமேராத் பஜாரிலோ கண்ணில் பட்டால்தான் உண்டு. பட்டவுடன் வாங்கி வைத்துவிட வேண்டும். பேரம் பேசிவிட்டு "அடுத்த வாரம் வருகிறேன்" என்று போனால், அடுத்த வாரம் அது உருக்குலையில் இருக்கும்.

ஸ்டாண்டர்டு 2000 கதை இதைவிட வேடிக்கை. மூடிக்கிடந்த ஆலையின் சாமான்கள் 2006-ல் ஏலத்துக்கு வந்தபோது, மிச்சமிருந்த புத்தம்புது உதிரி பாகங்களை இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ் என்ற பழம் பாக வியாபாரி மொத்தமாக வாங்கிக் கப்பலேற்றிவிட்டார்கள். நம் நாட்டில் சீந்துவாரின்றிக் கிடந்தது அங்கே ரோவர் பிரியர்களுக்குப் பொக்கிஷம். ஐதராபாத்தில் அந்தக் காரை வைத்திருப்பவர் வண்டலூர் பாகத்தை லிங்கன் நகரிலிருந்து பவுன் கொடுத்துத் தருவிக்க வேண்டிய காலம்!

எஞ்சினை மாற்றுமுன்

பாகம் தேடி அலுத்தவர்களுக்குப் பட்டறையில் சொல்லப்படும் யோசனை ஒன்று உண்டு: "பழைய எஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டு மாருதி எஞ்சின் வைத்துவிடலாம்." வண்டி ஓடும், பாகமும் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண் மாறுகிறது. அனுமதி இல்லாமல் செய்தால் எப்.சி.க்கும் இன்ஷூரன்ஸுக்கும் சிக்கல். அதோடு இன்னொரு வாசலும் மூடிக்கொள்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி 50 வருஷம் கடந்த காரை விண்டேஜ் வாகனமாக, 'வி.ஏ.' எழுத்து கொண்ட எண்ணில் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்கு. மறு பதிவுக்கு 5,000. சேஸிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1961 முதல் 1971 வரையிலான ஹெரால்டு எதுவும் இன்று வயதில் தேறிவிடும், எஞ்சினில் தோற்கும்.

ஆனால் எல்லோரும் அவசரப்பட்டு அதற்கு ஓட வேண்டாம். விண்டேஜ் எண் வாங்கிய காரைக் கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம்; ஆபீசுக்கும் காய்கறி மார்க்கெட்டுக்கும் ஓட்ட முடியாது. ஓட்ட நினைப்பவர் 15 வருஷத்துக்குப் பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கும் சாதாரணப் பதிவையே வைத்துக்கொள்ள வேண்டும். 20 வருஷம் கடந்த காருக்கு அந்தப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தினார்கள். சம்பளக்காரருக்குச் சுருக்கென்று தைக்கும் தொகை. அடுத்த மாதமே, செப்டம்பர் 22 முதல், உதிரி பாகங்கள் பலவற்றின் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது ஓரளவு ஆறுதல். பில் வாங்கினால் எந்த விகிதம் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம்.

கடைக்குப் போகும் நேரமும் முக்கியம். ஞாயிறு பெரும்பாலும் பூட்டு. வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை நேரத்தில் பல கடைகளில் ஆள் இருக்காது. மாலை ஆறு மணிக் கூட்டத்தில் பழைய சாமானைத் தேட யாருக்கும் பொறுமை கிடையாது. காலை பதினொரு மணி சுமாருக்கு, பையன்கள் டீ குடிக்கப் போன சமயம், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் நேரே போவது உத்தமம். கம்ப்யூட்டரில் இல்லாத பட்டியல் அவர் தலைக்குள் இருக்கிறது. பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து, மேல் அட்டத்தில் மூன்றாவது பெட்டி என்று பையனுக்குச் சொல்லுவார். அவர் மகனோ பேரனோ மாதாபூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பான். கடை அவரோடு சரி. அந்தப் பெட்டிகளைக் கிலோ கணக்கில் இரும்புக்காரன் அள்ளிப்போகுமுன், தன் காருக்கு இன்னும் ஐந்து வருஷத்துக்கு வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேட்டுவிடுவது நல்லது. வாங்கிய பிறகு சாம்பிளுக்குக் கொண்டுபோன பழைய பாகத்தைக் கவுண்டரிலேயே மறந்துவிட்டு வராமல் இருக்க வேண்டும். புதியது பொருந்தவில்லை என்றால் மறுபடி காட்டுவதற்கு அது ஒன்றுதான் உண்டு.